அளவு குறைந்தால் உறுப்பு பிழைக்குமா?
உயர் ரத்த அழுத்த மருந்துகளும் உறுப்புப் பாதுகாப்பும்: ஓர் ஆய்வு

பிரஷர் மாத்திரை எழுதித் தரும் மருத்துவர்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்விகள் இரண்டு. "எனக்குத் தலைசுத்தல், தலைவலி எதுவும் இல்லையே, எதுக்கு மாத்திரை?" என்பது ஒன்று. "வருஷக்கணக்கில் சாப்பிட்டால் கிட்னி கெட்டுப்போகாதா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு 1967 வரை மருத்துவ உலகத்திடமே உறுதியான பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்குக் கிடைத்திருக்கும் பதிலோ கேட்பவரின் அச்சத்துக்கு நேர்மாறானது. சிறுநீரகத்தைக் காப்பதற்கென்றே கொடுக்கப்படும் மருந்துகள் இந்த மாத்திரைக் கூட்டத்தில்தான் இருக்கின்றன.

இவ்விரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவை காப்பாற்றப்படுவது அழுத்தம் குறைவதாலா, அல்லது குறிப்பிட்ட மருந்துக்கென்று இருக்கும் தனிக் குணத்தாலா? அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகள் இதற்கு என்ன விடை தந்திருக்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேடு விளையும் இடங்கள்

மூளையின் ஆழத்துக்குச் செல்லும் நுண்தமனிகள் பெரிய தமனியிலிருந்து நேராகக் கிளைக்கின்றன. படிப்படியாகச் சிறுத்துக்கொண்டு போகும் இடைக்கிளைகள் அங்கே இல்லாததால், பெரிய குழாயின் அழுத்தம் தணியாமல் அப்படியே அவற்றின்மேல் விழுகிறது. சுவர் தடித்து அடைத்துக்கொண்டால் ஒருவகைப் பக்கவாதம். நைந்து வெடித்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு. சத்தமில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு அடைப்புகள் சேர்ந்தால் பின்னாளில் நினைவாற்றல் தேய்கிறது.

அதிக அழுத்தத்தை எதிர்த்து ஓயாமல் ரத்தத்தைத் தள்ளும் இதயத்தின் இடது கீழறைத் தசை தடிக்கிறது. தடித்த தசைக்கு ரத்தம் போதாமல் போகிறது. நாளடைவில் இதயம் தளர்ந்து மூச்சுத் திணறலும் கால் வீக்கமும் வருகின்றன. சிறுநீரகத்தில் வடிகட்டும் முடிச்சுகள் வடுவாகிச் சுருங்குகின்றன. விழித்திரையில் ரத்தக்கசிவும் வீக்கமும் தோன்றுகின்றன. உடலில் தமனிகளை அறுவையின்றி நேராகக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை என்பதால், மற்ற உறுப்புகளில் நடப்பதற்கு அது சாட்சியாகவும் அமைகிறது.

இவை எதிலும் தொடக்கத்தில் வலி இல்லை. "ஒன்றும் செய்யவில்லையே" என்று நோயாளி சொல்வது பொய்யல்ல. தொந்தரவு தெரியவரும் நாளில் உறுப்பு ஏற்கெனவே பழுதாகியிருக்கும் என்பதுதான் சிக்கல்.

குறைக்கலாமா என்ற பழைய வழக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரிய மருத்துவர்கள் பலர், தடித்துப்போன தமனிகள் வழியே ரத்தத்தைத் தள்ள உயர்ந்த அழுத்தம் தேவை, அதைக் குறைத்தால் உறுப்புகள் வாடிவிடும் என்று நம்பினார்கள். குறைக்க நல்ல மருந்தும் இல்லை. அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் அழுத்தம் 186/108 என்று பதிவானது. உப்பைக் குறைப்பது, ஓய்வு, டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்து ஆகியவற்றைத் தாண்டி அவருடைய மருத்துவர் ஹோவர்ட் புரூயனால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளை ரத்தக்கசிவில் அவர் இறந்தபோது அளவு 300/190.

மருந்துகள் வந்த வரிசையில் இந்தியாவுக்கும் இடம் உண்டு. நம் வைத்திய மரபில் பழகிய சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைக்கிறது என்பதை பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதி மேலை நாடுகளின் கவனத்தைத் திருப்பினார். 1952இல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1950களின் இறுதியில் சிறுநீரைப் பெருக்கி உப்பை வெளியேற்றும் தயசைடு மாத்திரைகள் வந்தன. ஆயினும் அளவு குறைந்தது என்பதற்கும் ஆள் பிழைத்தார் என்பதற்கும் இடையே இருந்த பாலம் இன்னும் கட்டப்படவில்லை.

அதைக் கட்டியவர் எட்வர்ட் ஃப்ரைஸ். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குத் தயசைடு, ரிசர்பின், ஹைட்ரலசின் மூன்றும். மறு பிரிவுக்கு வெற்று மாத்திரை. 1967இல் முடிவு வெளியானது. வெற்று மாத்திரை உண்ட 70 பேரில் 27 பேருக்குக் கடுமையான விளைவுகள். மருந்து உண்ட 73 பேரில் 2 பேருக்கு மட்டும். இவ்வளவு தெளிவான வித்தியாசம் மருத்துவ ஆய்வுகளில் அரிது. அழுத்தத்தைக் குறைத்தால் உறுப்பு வாடும் என்ற வாதம் அத்துடன் முடிந்தது.

இந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு நடைமுறை உண்டு. ஆளெடுக்கும் முன்பே எல்லோருக்கும் ரிபோஃப்ளேவின் கலந்த வெற்று மாத்திரையைக் கொடுத்தார்கள். அந்த வைட்டமின் சிறுநீரில் இறங்கினால் புற ஊதா விளக்கொளியில் மஞ்சளாக மின்னும். அடுத்த முறை வரும்போது மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஆக, மருந்து உறுப்பைக் காக்கிறது என்ற முதல் நிரூபணமே, தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் பெறப்பட்டது. இன்றைய பெரிய பிரச்சினையின் வேர் இங்கேயே தெரிகிறது.

முதுமையில் வேண்டுமா?

"வயசானா பிரஷர் ஏறத்தான் செய்யும்" என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. 60 வயதைக் கடந்து, மேல் அளவு மட்டும் உயர்ந்திருந்த 4,736 பேரிடம் குளோர்தாலிடோனை அடிப்படையாக வைத்து நடந்த ஷெப் ஆய்வு 1991இல் இதை உடைத்தது. பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது. 80 வயதைத் தாண்டிய 3,845 பேரிடம் நடந்த ஹைவெட் ஆய்வு 2008இல் இன்னும் ஒரு படி மேலே போனது. இண்டபமைடும், தேவைப்பட்டோருக்குப் பெரிண்டோபிரிலும் கொடுத்ததில் இறப்பு 21 விழுக்காடும், இதயத் தளர்ச்சி 64 விழுக்காடும் குறைந்தன. அங்கே இலக்கு 150/80தான். மூத்தவர்களிடம் இலக்கைப் பதமாக வைத்தாலும் பலன் பெரிது என்பது இதன் பாடம்.

எந்த மருந்து?

மருந்துக் குடும்பங்கள் பெருகப் பெருக, "என்னுடையதே சிறந்தது" என்ற போட்டியும் வந்தது. ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கிய புரோபிரனலால் வழியில் வந்தவை பீட்டா தடுப்பிகள். பிரேசிலின் ஜரராகா விரியன் பாம்பு நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து கிடைத்த தடயத்தைப் பிடித்து குஷ்மன், ஒண்டெட்டி இருவரும் வடிவமைத்த கேப்டோபிரிலின் வாரிசுகள் ஏ.சி.இ. தடுப்பிகள்: எனலாபிரில், ராமிபிரில். ஏ.சி.இ. தடுப்பிகள் மறிக்கும் அதே பாதையை வேறோர் இடத்தில் மறிப்பவை லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற சார்டான்கள். தமனித் தசைக்குள் கால்சியம் புகுவதைத் தடுப்பது அம்லோடிபின்.

போட்டிக்குத் தீர்ப்பு சொன்னது 2002இல் வெளியான ஆல்ஹாட் ஆய்வு. 33,357 பேரை குளோர்தாலிடோன், அம்லோடிபின், லிசினோபிரில் என மூன்றாகப் பிரித்ததில், மாரடைப்பும் மாரடைப்பு மரணமும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. விலை மலிந்த பழைய நீர் மாத்திரையான குளோர்தாலிடோன், புதியவற்றுக்கு எந்த வகையிலும் சளைக்கவில்லை. இதயத் தளர்ச்சியைத் தடுப்பதில் அம்லோடிபினை விட அது மேலாகவே நின்றது. இவை தவிர நான்காவது பிரிவாக டாக்சசோசின் உண்டவர்களிடம் இதயத் தளர்ச்சி மிகுந்ததால் அதை இடையிலேயே நிறுத்தினார்கள். எண்ணைக் குறைக்கும் எல்லா மருந்தும் எல்லா உறுப்பையும் ஒரே அளவில் காப்பதில்லை என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

2016இல் லான்செட் இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வு, 123 ஆய்வுகளில் பங்கேற்ற ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஒன்றாகப் பார்த்தது. மேல் அளவில் ஒவ்வொரு 10 புள்ளி குறைவுக்கும் பக்கவாதம் 27 விழுக்காடு, இதயத் தளர்ச்சி 28 விழுக்காடு, இறப்பு 13 விழுக்காடு குறைகின்றன. மருந்துகளுக்கிடையே வேறுபாடு உண்டு, ஆனால் சிறியது. பக்கவாதத்தில் அம்லோடிபின் வகை ஒரு படி மேல், இதயத் தளர்ச்சியில் ஒரு படி கீழ். இதயத் தளர்ச்சியைத் தடுப்பதில் நீர் மாத்திரை முன்னிற்கிறது. பக்கவாதத்தைத் தடுப்பதில் பீட்டா தடுப்பி பின்தங்குகிறது.

ஒரே ஓர் உறுப்பில் மட்டும் கணக்கு உதைத்தது. அழுத்தக் குறைவு மட்டுமே சிறுநீரகச் செயலிழப்பைக் குறைக்கும் என்பதற்கு அந்தத் தொகுப்பில் போதிய சான்று கிட்டவில்லை. மருந்தின் தனிக் குணம் பேசவேண்டிய இடம் அதுதான்.

சிறுநீரகம்: விதிவிலக்கின் இடம்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிமுடிச்சுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு நுண்தமனி, வெளியேற ஒரு நுண்தமனி. உள்ளே இருக்கும் அழுத்தத்தை இரண்டும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஆஞ்சியோடென்சின் என்ற சுரப்பு, வெளியேறும் குழாயைக் கூடுதலாக இறுக்குகிறது. வடிகால் வாய் அடைபட்ட வயலில் நீர்மட்டம் ஏறுவதுபோல் முடிச்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. சல்லடை பிய்ந்து ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. சர்க்கரை நோயாளியிடம் இது இன்னும் வேகமாக நடக்கும். ஏ.சி.இ. தடுப்பிகளும் சார்டான்களும் அந்த வெளிவாயைத் தளர்த்திவிடுகின்றன. அம்லோடிபின் பெரும்பாலும் உள்வாயையே திறப்பதால், கைப்பட்டையில் எண் குறைந்தாலும் முடிச்சுக்குள் அந்த அளவுக்குக் குறைவதில்லை.

இந்த விளக்கத்துக்கு ஆய்வுகள் சாட்சி சொல்கின்றன. 1993இல், முதல் வகை சர்க்கரை நோயும் புரதக் கசிவும் உள்ள 409 பேரில், கேப்டோபிரில் உண்டவர்களுக்கு மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றின் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. 2001இல் இரண்டாம் வகையினரிடம் நடந்த ஐ.டி.என்.டி. ஆய்வு இன்னும் கூர்மையானது. இர்பிசார்டான், அம்லோடிபின் இரண்டும் அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைத்தும், சிறுநீரக விளைவுகளில் இர்பிசார்டான் 23 விழுக்காடு முந்தியது. அளவு ஒன்று, விளைவு வேறு. மருந்தின் தனிக் குணம் உண்டென்று ஐயமறச் சொல்லக்கூடிய இடங்களில் இது முதன்மையானது. ஆனால் நிபந்தனை உண்டு: சிறுநீரில் புரதம் கசிபவருக்கே இந்தக் கூடுதல் பலன் தெளிவாகக் கிடைக்கிறது.

"மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்ற அச்சம் எங்கிருந்து வந்தது என்பதும் இங்கே புரியும். வெளிவாய் தளர்ந்ததும் முடிச்சுக்குள் அழுத்தம் இறங்குவதால் முதல் சில வாரங்களில், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் சற்று ஏறும். 30 விழுக்காடு வரை ஏறினால், மருந்து தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்றே சிறுநீரக மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். லேப் சீட்டில் அந்த எண்ணைப் பார்த்துப் பதறி மாத்திரையை நிறுத்துவதால் இழப்பு நோயாளிக்குத்தான். அதற்கு மேல் ஏறினாலோ, பொட்டாசியம் உயர்ந்தாலோ கவனம் வேண்டும். சிறுநீரகம் பழுதானவர் இந்த மருந்துகளுடன் இளநீரும், பொட்டாசியம் கலந்த உப்பும் தாராளமாகச் சேர்த்துக்கொள்வது ஆபத்து. சார்டானும் நீர் மாத்திரையும் எடுப்பவர் மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரை, சிறுநீரகத்தை ஒரே வாரத்தில் முடக்கிவிடவும் கூடும். கருவுற்ற பெண்களுக்கு ஏ.சி.இ. தடுப்பியும் சார்டானும் அறவே ஆகா. லேபடலால், நிபெடிபின், மெத்தில்டோப்பா போன்றவையே அங்கே பயன்படுகின்றன.

ஒன்று நல்லதென்றால் இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே என்று ஏ.சி.இ. தடுப்பியையும் சார்டானையும் சேர்த்துப் பார்த்தார்கள். 25,620 பேர் பங்கேற்ற ஆன்டார்கெட் ஆய்வு 2008இல் அந்த ஆசைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. புரதக் கசிவு குறைந்தது. சிறுநீரகமோ கூடுதலாகப் பாதிக்கப்பட்டது. கடந்த சில ஆண்டுகளில் உண்மையான கூடுதல் பலன் வேறு திசையிலிருந்து வந்திருக்கிறது. சர்க்கரைக்கென்று வந்த டபக்ளிஃப்ளோசின், 2020இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாதவர்களிடமும் சிறுநீரகச் சிதைவைக் கணிசமாகத் தடுத்தது. அது அழுத்தத்தைக் குறைப்பது சிறிதளவே.

இதயமும் மூளையும்

இதயத் தசை தடித்த 9,193 பேரிடம் லோசார்டானையும் பீட்டா தடுப்பியான அடினோலாலையும் ஒப்பிட்ட லைஃப் ஆய்வில் அழுத்தக் குறைவு கிட்டத்தட்டச் சமம். பக்கவாதம் லோசார்டான் பிரிவில் 25 விழுக்காடு குறைவு. இதன் பின்னரே சிக்கலற்ற உயர் அழுத்தத்துக்கு அடினோலாலை முதல் மருந்தாகத் தரும் வழக்கம் தேய்ந்தது. ஆனால் மாரடைப்பு வந்தவருக்கும் இதயம் தளர்ந்தவருக்கும் பீட்டா தடுப்பி உயிர் மருந்து. அங்கே அதன் தனிக் குணம் பேசுகிறது. தளர்ந்த இதயத்தில் ஸ்பைரோனோலாக்டோன் இறப்பை 30 விழுக்காடு குறைத்ததை 1999இல் ரேல்ஸ் ஆய்வு காட்டியது. மூன்று மருந்துக்கும் அடங்காத அழுத்தத்துக்கு நான்காவதாகச் சேர்க்கச் சிறந்ததும் அதுவே என 2015இல் பாத்வே-2 ஆய்வு கண்டது.

மூளையைப் பொறுத்தவரை எண்ணே பெரிது. ஒருமுறை பக்கவாதம் வந்த 6,105 பேரிடம் நடந்த புரோகிரஸ் ஆய்வில் பெரிண்டோபிரில் அடிப்படையிலான சிகிச்சை மறு தாக்குதலை 28 விழுக்காடு குறைத்தது. இண்டபமைடையும் சேர்த்துக்கொண்டவர்களிடம் குறைவு 43 விழுக்காடு. அதிகம் இறங்கிய இடத்தில் அதிகப் பலன்.

எதுவரை குறைப்பது?

2015இல் ஸ்பிரிண்ட் ஆய்வு, மேல் அளவை 140க்குள் வைப்பதையும் 120க்குள் வைப்பதையும் 9,361 பேரிடம் ஒப்பிட்டது. 120 பிரிவில் இதய, ரத்தநாள நிகழ்வுகள் 25 விழுக்காடும், இறப்பு 27 விழுக்காடும் குறைந்தன. மயக்கம், உப்புச்சத்துக் குறைவு, திடீர் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை அதே பிரிவில் கூடின. சர்க்கரை நோயாளிகளையும் பக்கவாதம் வந்தவர்களையும் அதில் சேர்க்கவில்லை. அங்கே அளந்த விதமும் வேறு. ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்தபின் தானியங்கிக் கருவி பலமுறை அளந்து சராசரி எடுத்தது. பேருந்திலிருந்து இறங்கி வரிசையில் நின்று, சட்டைக் கையை மடக்கியபடி நீட்டும் கரத்தில் ஒருமுறை எடுக்கும் 140, அந்த 140 அல்ல. இலக்கை இறுக்குவதற்கு முன் அளப்பதைச் சரிசெய்ய வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் பொதுவாக 140/90க்குக் கீழும், இதயநோய் உள்ளவர்களுக்கு மேல் அளவு 130க்குக் கீழும் என்று வகுத்தது. வேகமும் கணக்கில் உண்டு. உயர்ந்த அழுத்தத்தைக் கண்டதும் நிபெடிபின் கேப்சூலைக் கிள்ளி நாக்கின் அடியில் விடும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. திடீரென இறங்கிய அழுத்தமே சிலருக்குப் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் கொண்டுவந்ததால் அது கைவிடப்பட்டது.

ஒரு மாத்திரைக்குள் பல மருந்து

ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட, வேறு வகை மருந்தொன்றைச் சேர்ப்பது ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதலாக அழுத்தத்தைக் குறைக்கும் என்று 2009இல் வால்ட் குழுவினர் கணக்கிட்டார்கள். பக்கவிளைவு பெரும்பாலும் அளவோடு ஏறுவது: அம்லோடிபினால் கால் வீக்கம், தயசைடால் சோடியம் குறைவு. சிறிய அளவில் பலவற்றைச் சேர்த்தால் பலன் கூடும், தொல்லை குறையும். இதைச் செயலில் காட்டிய முக்கிய ஆய்வு இலங்கையில் நடந்தது. 700 பேரிடம், டெல்மிசார்டான் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம் அடங்கிய ஒற்றை மாத்திரையை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் இலக்கை அடைந்தோர் 70 விழுக்காடு. வழக்கமான சிகிச்சையில் 55. இந்தியாவில் சுமார் 2,000 பேரிடம் நடந்த டாப்ஸ்பின் ஆய்வில் மூன்று விதமான இரட்டை மருந்து மாத்திரைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் வேலை செய்தன. எது என்பதைவிட, இரண்டாகத் தொடங்குவதே முக்கியம் என்ற கருத்து இதனால் வலுப்பட்டது.

காலையிலா இரவிலா என்ற விவாதத்தையும் 21,104 பேர் பங்கேற்ற டைம் ஆய்வு 2022இல் தீர்த்துவைத்தது. விளைவில் வித்தியாசம் இல்லை. மறக்காமல் சாப்பிட முடிகிற நேரமே நல்ல நேரம்.

ஆய்வுக்கும் வீட்டுக்கும் இடையே

மருந்துகள் இவ்வளவு இருந்தும் உலகில் உயர் அழுத்தம் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குச் சிகிச்சை போதுமானதாக இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை. தமிழகத்தில் 2020இல் நடந்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், உயர் அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே. அம்லோடிபினா டெல்மிசார்டானா என்ற விவாதம் இந்த எண்ணின் முன் சிறுத்துப்போகிறது. ஃப்ரைஸ் விளக்கொளியில் கழித்துவிட்டவர்களைப் போன்றோர் இங்கே ஏராளம்.

அவர்களை அசட்டையானவர்கள் என்று ஒதுக்குவது எளிது. கூலி வேலையை விட்டு மாதமொரு நாள் வரிசையில் நிற்க வேண்டிய நிலை, அட்டை தீர்ந்ததும் வாங்கக் காசில்லாமை, அளவு சரியானதும் "குணமாகிவிட்டது" என்ற எண்ணம் ஆகியவை காரணங்கள். மருந்தை வாசலுக்குக் கொண்டுபோனால் நிலை மாறுமா? சீனக் கிராமங்களில் கிராம மருத்துவர்களைக் கொண்டு ஏறக்குறைய 34,000 பேரிடம் நடத்திய தீவிர சிகிச்சைத் திட்டம் இதய, ரத்தநாள நிகழ்வுகளைக் குறைத்ததோடு, மறதி நோயையும் 15 விழுக்காடு குறைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதே திசையில் செல்லும் முயற்சி. எத்தனை வீடுகளுக்கு மாத்திரை போனது என்பதோடு, எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது, எத்தனை பேரின் சிறுநீரில் ஆல்புமின் பார்க்கப்பட்டது என்பவையும் அதன் அளவுகோல்களாக வேண்டும்.

முடிவாக

உறுப்பைக் காப்பதில் பெரும்பங்கு அழுத்தக் குறைவுக்கே உரியது. எதனால் குறைத்தோம் என்பது பெரும்பாலோருக்கு இரண்டாம் பட்சம். புரதம் கசியும் சிறுநீரகம், தளர்ந்த இதயம், மாரடைப்பு கண்ட இதயம் ஆகிய இடங்களில் மட்டும் மருந்தின் தனிக் குணம் தீர்ப்பை மாற்றுகிறது. ஆகவே ஆளுக்கு ஆள் மாத்திரை மாறுவது இயல்பு. பக்கத்து வீட்டுக்காரரின் அட்டையைப் பார்த்து நம்முடையதை மாற்றிக்கொள்வது தவறு.

மாத்திரை சாப்பிடும் வாசகர்கள் அடுத்த முறை மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள். என் இலக்கு எவ்வளவு? என் சிறுநீரில் புரதம் கசிகிறதா? இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்று என்ன? வறட்டு இருமல் வந்தாலும் கால் வீங்கினாலும் மாற்றித் தர வேறு மருந்து உண்டு. நீங்களாக நிறுத்திவிட்டால் அதற்கு மாற்று எதுவும் இல்லை.